ஊதுகிற கைக்கு என்ன வலி

அம்மா,

உன் குழல் பையை இன்று திறந்தேன். உள்ளே இன்னும் உன் தைல வாசனைதான். கழுத்தில் மாட்டுகிற பட்டையில், வாய் வைக்கிற ரப்பரில், பையின் தையலில்கூட. துடைக்கலாம் என்று துணி எடுத்தேன். துடைக்காமலே மூடிவிட்டேன். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் இதைக் கோயில் பாடற்குழுவுக்குக் கொடுக்கப் போகிறோம்.

அப்பா கூடத்தில் தூங்குகிறார். நான் சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் பேனாவை நிறுத்திவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பயத்திலும் எழுதுகிறேன்.

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சித்திதான் இதைக் கொண்டுவந்தாள். அவள் மகன் ஆசையாக வாங்கி, நாலு நாளில் சலித்துப்போய் மூலையில் போட்டது. வெள்ளை பிளாஸ்டிக்கில் நீளமாக, பேட்டரியில் ஓடுகிற, துளையே இல்லாத குழல். துளை இருக்க வேண்டிய இடங்களில் உலோகப் பொட்டுகள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் நீ புல்லாங்குழல் கற்றதை ஞாபகம் வைத்திருந்து, சித்தி அதை உன் மடியில் வைத்தாள். நீ சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினாய். முடக்குவாதம் அதற்குள் உன் வலது கையின் கடைசி இரண்டு விரல்களை உள்பக்கம் மடக்கியிருந்தது. கட்டை விரலால் ஒரு டம்ளரின் கனத்தைக்கூடத் தாங்க முடியாது.

புல்லாங்குழலில் துளையை முழுசாக அடைக்க வேண்டும், கொஞ்சம் காற்று கசிந்தாலும் கீச்சென்று கத்தும் என்பாய். இதில் அடைக்க எதுவும் இல்லை. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கூப்பிட்டாய்.

"அழுத்தவே வேணாம்டி. தொட்டாப் போதும்."

ஆனால் அதிலேயே தொல்லையும் இருந்தது. தொட்டாலே பேசுகிற குழலுக்கு, வேண்டும் என்று தொட்டது எது, தாங்க முடியாமல் விழுந்தது எது என்று தெரியாது. உன் மோதிர விரல் தொங்கித் தொங்கி ஒரு பொட்டில் பட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் சம்பந்தமில்லாத ஒரு சுரம் குறுக்கே வரும். கடைசியில் அந்த விரலில் பிளாஸ்டரைத் தடிமனாகச் சுற்றினாய். அதற்குப் பிறகு அது பட்டாலும் குழலுக்குத் தெரியவில்லை. அந்த விரலுக்கு உண்டான சுரமும் போனது. பாட்டில் அந்த இடம் வரும்போது மூச்சை நிறுத்தித் தாண்டிவிடுவாய். மாதா பாட்டு எல்லாமே நம் வீட்டில் விக்கிக்கொண்டுதான் வந்தது. நான் அப்படியே பாடிப் பழகி, கோயிலில் எல்லாரோடும் பாடும்போது அந்த இடத்தில் நான் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

குழலின் கீழ்முனையைத் தலையணையில் ஊன்றி, காதில் மாட்டுகிற ஒயரின் ஒரு பக்கம் உனக்கு, மறு பக்கம் எனக்கு. பள்ளி விட்டு நான் வருவதற்கும் அப்பா மேட்டுப்பாளையம் கம்பெனியிலிருந்து வருவதற்கும் நடுவில் இருந்த பொழுது அது. நம் இரண்டு பேர் காதைத் தவிர வேறு எங்கும் அந்தச் சத்தம் போனதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உன் மூச்சு உஸ்ஸென்று போவது மட்டும்தான் கேட்கும்.

அப்படித்தான் அப்பா ஒருநாள் பார்த்தார். சீக்கிரம் வந்துவிட்டார், கூடவே அத்தை. அன்று காலையில்தான் நீ, சப்பாத்திக்கு மாவு பிசையக் கை வரவில்லை, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தாய்.

"மாவு பிசைய வராத கை, இதுக்கு மட்டும் வருதா?"

தொட்டாலே போதும், மாவை அழுத்த வேண்டியிருக்கிறது என்று நீ விளக்கினாய். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தொட்டாப் போதுமாம். நாங்களும் வேலையத் தொட்டுட்டுப் படுத்துக்கலாம் போலிருக்கே. சொல்லிக் குடு அந்தக் கரண்டுப் பீப்பீய."

நீ எழுந்துபோய் அவர்கள் எதிரிலேயே மாவைப் பிசைந்தாய். அப்பா சாப்பிட்டார். அத்தையும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாத்தியா, மனசு வச்சா வருது" என்றாள். மறுநாள் உனக்கு நான்தான் பல் தேய்த்துவிட்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் உன் வலி எல்லாமே பொய்யாகிவிட்டது. விரல் முட்டி வீங்கினால், ஊதுகிற கைக்கு என்ன வலி. மாத்திரை தீர்ந்தால், பீப்பீ இருக்கிறதே. அதை விட்டுவிடு அம்மா, அப்போதாவது நம்புவார்கள் என்று நான் கெஞ்சினேன். இதையும் விட்டால் என்னிடம் வலி மட்டும்தான் இருக்கும் என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் கண்டுபிடித்தது என் காதுதான். ஒரே மூச்சில் முடிக்கிற வரியை நீ மூன்றாக உடைத்தாய். சுரம் கடைசியில் மெலிந்து போனது. அன்றே அப்பாவிடம் போய், அம்மாவுக்கு மூச்சு பத்தவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஊதறதுக்கு மட்டும் பத்துதா?"

இரண்டு நாள் கழித்து, உன் உதடு நீலமானபோதுதான் ஆட்டோ பிடித்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். அத்தைதான் பதில் சொன்னாள். "முந்தாநேத்துகூட நல்லா ஊதிக்கிட்டிருந்தா டாக்டர்." சாட்சி சொல்வது மாதிரி சொன்னாள். நீ உள்ளே படுத்திருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது.

அடக்கத்தன்று எல்லாரும் உன் கையைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். எவ்வளவு வலி தாங்கினாளோ, பாவி என்று அதிகம் அழுதது அத்தை. செத்த பிறகு உன் கை வளைந்திருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

இந்த மழை தொடங்கியதிலிருந்து காலையில் என் விரல்கள் மடங்குவதில்லை. யூனிபார்ம் பட்டனைப் பல்லால் பிடித்து இழுக்கிறேன். நீ செய்த மாதிரியே வெந்நீரில் கை வைக்கிறேன், அப்பா குளிக்கப் போகிற நேரம் பார்த்து. பரீட்சையில் பாதிதான் எழுத முடிகிறது. சோம்பேறித்தனம் என்று டீச்சர் திட்டினார், நான் தலையாட்டினேன். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் விரல் இப்படி வளைந்திருக்காது என்று டாக்டர் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். மகளுக்கும் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அது எனக்கு மறக்கவே இல்லை.

ஆனால் நான் ஊதுகிறேன் அம்மா. நீ போனதிலிருந்து, அதே பொழுதில், இரண்டு ஒயரையும் என் காதிலேயே மாட்டிக்கொண்டு. போன ஞாயிறு அத்தை பார்த்துவிட்டாள். "இவளும் அவ அம்மா மாதிரியே ஆரம்பிச்சுட்டா, அதக் கோயிலுக்குக் குடுத்துத் தொலை" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "உனக்கு வேணும்னா வச்சுக்க" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து, கோயிலுக்கே கொடுத்துவிடலாம் என்றேன்.

வைத்துக்கொண்டால் என் கையை யார் நம்புவார்கள்? என்ன பதில் வரும் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். நீ விட மாட்டேன் என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை நம்ப நீ சாக வேண்டியிருந்தது. என்னை நான் உயிரோடு இருக்கும்போதே நம்ப வேண்டும்.

நாளை அதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கையைக் காட்டப் போகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லப் போகிறேன். பாடற்குழுவில் யாராவது, உங்க அம்மா மாதிரி நீயும் ஊதுவியா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்பேன். டாக்டர் கேட்டாலும் அதுவே. உன் பெண்ணுக்கு ஊதத் தெரியாது அம்மா. இனி யார் கேட்டாலும் அதுதான் பதில்.