ஏழில் நிற்காத எண்ணிக்கை

மார்ச் 3

என் வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஆதாரம் ஒன்றும் கிடையாது. போன் செய்தால் "வேலையில இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்று ரெண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறாய். நீ கடைகளுக்குப் போடும் குட்டிப் பாட்டு மாதிரியே உன் பேச்சும் ஆகிவிட்டது. அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட முடியாது.

எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே தவிர, எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தால் எல்லோர் முகமும் பேயறைந்த மாதிரி இருக்கிறது. கூரையில் ஒரு ஸ்பீக்கர், அதில் ஒரு குட்டிப் பாட்டு, அதே நாலு வரி திரும்பத் திரும்ப. காற்றோட்டம் இல்லாமல் தலை சுற்றியிருக்கும் என்றார் டாக்டர். எனக்கென்னவோ பாட்டின் மேல்தான் சந்தேகம்.

சிரிக்காதே. புரோகிரசிவ் ராக் கேட்டு வளர்ந்த காதுக்கு மற்றதெல்லாம் உப்பில்லாத சாப்பாடுதான். கெட்டது என்று சொல்லவில்லை. பசிக்குச் சாப்பிடலாம். ஆனால் அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்குக் கேட்பது? ஒரு பாட்டு என்றால் இருபது நிமிஷம் ஓட வேண்டும், எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்று தெரியாமல் வயிறு கலங்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். நீ பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால், நானும் இடி மாமாவும் மற்ற இரண்டு பேரும் மொட்டை மாடி லிஃப்ட் மெஷின் ரூமில் வாசித்துப் பதிவு செய்தது. நாங்கள் உருப்படியாக முடித்த ஒரே பாட்டு. இடிக்கு அறுபதாவது பிறந்தநாள் வருகிறது. டிரம்ஸ் அடித்தே பாதிக் கட்டடத்தைக் காலி செய்த மனுஷன், அவனுக்கு அன்றைக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும்.

இரைச்சலை எடுத்துச் சுத்தம் செய்து ஒரு சி.டி. தட்டில் ஏற்றிக் கொடு. முக்கியமாக ஒன்று. நடுப்பகுதி ஏழு தட்டு கொண்ட தாளத்தில் போகும். இடிக்கு ஏழு நிற்காது, கை தன்னால் எட்டுக்கு ஓடிவிடும். அதனால் மைக் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ண ஏற்பாடு செய்திருந்தோம். எண்ணிக்கை ஒழுங்காகத்தான் போகும். ஒரே ஒரு இடத்தில் ஏழில் நிற்காமல் எட்டு என்று போய்விடும். மொத்தப் பாட்டும் அந்த இடத்தில் கால் தடுக்கி விழும். இத்தனை வருஷமாக எனக்கு அது பல்லில் சிக்கின நார். தயவுசெய்து பிடுங்கி எறிந்துவிடு.

முத்தங்களுடன்,
அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நீளமான கடிதம் கிடைத்தது. இரண்டு முறை காபி போட்டுக் குடித்துப் படித்து முடித்தேன். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். எந்த நேரத்துக்கு என்று கேட்காதீர்கள்.

தட்டு இத்துடன் வருகிறது. சுத்தம் செய்துவிட்டேன். நீங்கள் சொன்ன எட்டையும் அதை ஒட்டி வருவதையும் தையல் தெரியாமல் வெட்டி எடுத்தாயிற்று. இனி உங்கள் ஏழு ஏழாகவே நிற்கும். ஒன்று சொல்லட்டுமா? நான் செய்கிறது செருப்புக் கடையிலும் துணிக் கடையிலும் பின்னால் ஓடுகிற பாட்டுதான். உங்கள் பாஷையில் உப்பில்லாத சமையல். ஆனாலும் உங்கள் பாட்டைக் கேட்டபோது பன்னிரண்டாவது நிமிஷத்தில் எனக்கே புல்லரித்தது. இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள், "அப்பன் புத்தி" என்று ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டி எடுத்த துண்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் 'குப்பை' என்று ஓர் இடத்தில் போட்டு வைப்போம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டித் தள்ளிவிடுவோம். தள்ளும் முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் கேட்டுப் பார்ப்பது என் கிறுக்கு. உங்கள் குப்பையில் எனக்கு ஒன்று மாட்டியது. அதை வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன், தானாக ஒருநாள் உங்கள் காதில் விழும்.

ஆமாம், அந்தப் பாட்டில் எண்ணுகிற பெண் யார்? உங்கள் குழுவில் பெண் இருந்ததாக நீங்கள் மூச்சே விட்டதில்லையே! எட்டு என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள் பாருங்கள், அடக்கப் பார்த்து முடியாமல் பொங்கி வருகிற சிரிப்பு. திருட்டு அப்பா.

அத்தை போன் செய்தாள். "உன்னைப் பார்த்தா உங்கம்மாவையே பாக்கற மாதிரி இருக்குடி" என்று வழக்கம்போல. அம்மா குரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "குரலை எப்படிடி வாயால சொல்றது?" என்கிறாள். சின்ன வயதில் உங்களைக் கேட்டபோது "நல்லாத்தான் இருக்கும்" என்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சுவர் முழுக்கக் கேசட் அடுக்கியிருக்கிற வீட்டில் அம்மா பேசினது ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சரி, விடுங்கள். முழங்காலுக்கு மருந்து போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாலு

ஏப்ரல் 8

அடி பாவி,

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

இடியின் பிறந்தநாளுக்குப் புது ஷூ வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். ஒரு காலில் ஷூவை மாட்டி, மறுகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். மேலே ஸ்பீக்கரில் என் கீபோர்டு! நான் வாசித்தது! முதலில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இரத்தக் கொதிப்பு ஏறினால் காதில் சத்தம் கேட்கும் என்பார்கள். ஆனால் கடைக்காரப் பெண்ணும் அதற்குத் தலையாட்டுகிறாள். பின்னால் டம் டம் என்று ஒரே அடி. அதற்கு மேல் ஆறு, ஏழு, எட்டு. மறுபடி ஆறு, ஏழு, எட்டு. நான் ஒற்றை ஷூவோடு வாசல்வரை ஓடிவிட்டேன். திருடன் என்று நினைத்துக் காவலாள் கையைப் பிடித்துவிட்டான். என் வயதுக்கு இது தேவையா?

இதுதானா நீ செய்த காரியம்? இருபது நிமிஷப் பாட்டு. நாலு பேர் ஒரு வருஷம் ராப்பகலாக உழைத்தது. அதில் எத்தனை நல்ல இடம் இருக்கிறது! அதையெல்லாம் விட்டுவிட்டு, வெட்டி எறி என்று நான் சொன்ன அந்த ஒரே பிழையை எடுத்து, உங்கம்மா தப்பாக எண்ணித் தொலைத்த அந்த எட்டைப் போய் எடுத்து, ஊர் முழுக்கச் செருப்புக் கடையில் ஓடவிட்டிருக்கிறாயே! இடி கேட்டால் என்ன நினைப்பான்? அதுவும் ரெண்டரை நிமிஷத்தில்! என் பெண்ணே எனக்கு இதைச் செய்வாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உடனே அதை எடுக்க ஏற்பாடு செய். எடுத்தேன் என்று பதில் வரும்வரை உன்னோடு எனக்குப் பேச்சு இல்லை.

அப்பா

ஏப்ரல் 15

அப்பா,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோ வாசலில் நின்றுகொண்டு படித்தேன். ஷூ கதையில் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த பத்தியில் ஒரு வரி. அதற்கப்புறம் படிக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவன் வந்து தண்ணீர் கொடுத்தான்.

அது அம்மாவா?

அந்தப் பெண் யார் என்று நான் எழுதிக் கேட்டேன். நீங்கள் பதில்கூடச் சொல்லவில்லை. திட்டுகிற அவசரத்தில், போகிற போக்கில், எண்ணித் தொலைத்த எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்று வயது முடியும் முன் கண்ணை மூடியவள். முகத்துக்குப் போட்டோ இருந்தது. குரலுக்கு ஒன்றுமே இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாய்ந்து உட்கார்ந்த அதே கேசட் அலமாரியில், என் தலைக்கு மேலே, அம்மா எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

தெரியாமல் நான் அவளை வெட்டிக் குப்பையில் போட்டேன். நீங்கள் சொல்லித்தான் போட்டேன். வெள்ளிக்கிழமை எனக்கு அந்தக் கிறுக்கு இல்லாமல் போயிருந்தால்?

ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருஷம் அந்தப் பாட்டைக் கேட்டீர்களே, ஒரு தடவைகூட அவள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? நிஜமாகவே எட்டு மட்டும்தான் கேட்டதா?

பாட்டை எடுக்க மாட்டேன். கோபம் ஆறும்வரை எழுதவும் மாட்டேன்.

ஏப்ரல் 22

என் கண்ணுக்கு,

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். கேட்கவில்லை. எட்டு மட்டும்தான் கேட்டது.

உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, அதை மட்டும் நம்பு. மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது ஒரு காரணமாவது ஆகும். அம்மா குரல் இருக்கிறதா என்று நீ கேட்டபோதெல்லாம் பேச்சு இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா என்று தேடினேன். அது எனக்குக் குரலாகவே படவில்லை. தாளத் தட்டாகத்தான் பட்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு என்னைப் பார்த்தாலே திக்கென்று இருக்கிறது. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா?

நீ அனுப்பிய தட்டைப் போட்டேன். ஏழு சுத்தமாக நின்றது. தடுக்கவே இல்லை. இத்தனை வருஷம் நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான். அந்த இடம் சும்மா கடந்து போனபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்துவிட்டேன். கேசட்டும் உன்னிடம் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் செருப்புக் கடைக்குப் போனேன். அடுத்த நாளும் போனேன். சும்மா நின்றால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே என்று வேண்டாத செருப்பெல்லாம் வாங்கிவிட்டேன். காவலாளுக்கு இப்போது நான் பழக்கம், நாற்காலி போட்டுக் கொடுக்கிறான்.

உன் பாட்டில் எத்தனை தடவை சிரிக்கிறாள்! என் பாட்டில் ஒரே ஒரு தடவை. அடுத்து சிரிப்பு வரப்போகிறது என்று நன்றாகத் தெரிகிறது. தெரிந்துதான் காத்திருக்கிறேன். அப்படிக் காத்திருப்பதும் ஒரு சுகம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

பாட்டை எடுக்காதே. கோபமாகவே இரு, ஆனால் கேசட்டை மட்டும் பத்திரமாக வை.

அப்பா

மே 20

என் கண்ணுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரும் என்று தினமும் வாசலைப் பார்த்தேன். நேற்று உறை வந்தது. கடிதம் இல்லை, ஒரு தட்டும் துண்டுக் காகிதமும்தான். "மேலே இருந்த வாத்தியத்தையெல்லாம் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டேன். மீதி இது. உட்கார்ந்து கேளுங்கள்." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். உட்கார்ந்துதான் கேட்டேன், நல்லவேளை.

கேட்டதை எழுதிவிடுகிறேன். நீயும் கேட்டிருப்பாய், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும். ஆறு, ஏழு, எட்டு. சிரிப்பு. அந்த இடத்தில் நான் கீபோர்டை ஓங்கி அடிப்பேன், அதற்கப்புறம் ஒன்றும் கேட்காது. அந்தக் கீபோர்டை நீ எடுத்துவிட்டாய். அதற்கு அடியில் உங்கம்மா பேசுகிறாள்.

"ஏங்க, உதைக்குதுங்க! வந்து கை வெச்சுப் பாருங்க!"

அதற்கு ஓர் ஆண் குரல் கத்துகிறது. "எண்ணு! நிறுத்தாத, எண்ணு!" யாரோ முரடன் என்று நினைத்தேன். மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. அவள் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடேயே ஒன்று என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

நீ உதைத்ததை அப்புறமும் சொல்லியிருப்பாள். எனக்கு ஞாபகம் இல்லை. அவள் எண்ணிக்கை தெரியாமல் தப்பு விடவில்லை, வயிற்றில் நீ உதைத்ததில் தவறவிட்டிருக்கிறாள். இத்தனை வருஷமாக நான் பிழை பிழை என்று திட்டியது உன்னைத்தான். வெட்டி எறி என்று உன்னிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

இடிக்குப் பிறந்தநாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் எதையும் போடவில்லை, கேசட் ஓடவில்லை என்று பொய் சொன்னேன். நேற்று சாயங்காலம் இந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டான். அவ்வளவு பெரிய உருவம், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான். "அன்னிக்கு அவ எட்டுன்னதும் நானும் எட்டு அடிச்சேன்னு நீ என்னையும் மூணு மாசம் திட்டினேடா" என்றான்.

முழுப் பாட்டையும் வெட்டாமல் எனக்கு அனுப்பு, எட்டோடு. வேண்டாம், அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. கோபம் ஆறவில்லை என்றால் கோபத்தோடேயே வா. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது. கை வைத்துப் பார்க்கச் சொன்னாள், நான் போகவில்லை. நீ வந்து வாசலில் நில், அந்தக் கையை உன் தலையில் வைத்துப் பார்க்கிறேன்.

அப்பா