கட்டையில் நடந்த பிளாரன்ஸ்

தூத்துக்குடி,
வியாழக்கிழமை

அன்பு மாமா,

ஓமலூரில் நீங்களும் நம் மகள் ஓவியாவும் சுகமா? உங்கள் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

இதைப் பயப்படாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை என் பி.டி. வகுப்பில் பிள்ளைகளை ஒரு சாண் உயரக் கட்டையின் மேல் நடக்கவிட்டேன். ஐந்தாம் வகுப்பு பிளாரன்ஸுக்குக் கொஞ்சம் கனத்த உடம்பு. பாதியில் தடுமாறிக் கையூன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே வரும்வரை எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

அவள் அப்பா பவுல் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தார். "இனிமேல் இவளை ஏற்றமாட்டேன்" என்று கும்பிட்டேன்.

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். குண்டா இருக்கான்னு ஓடவிடாம பொத்திப் பொத்தி வச்சோம், அதான் காலு தடுமாறுது. வீக்கம் வத்துனதும் ஏத்துங்க. நான் பக்கத்துல நிக்கேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஓவியாவும் எடை கூடிய பிள்ளைதான். விழுந்துவிடுவாள் என்று அவள் சைக்கிளைப் பரணில் போட்டவள் நான்தானே? முதுகு வலிக்கும், யாரையாவது விட்டு அதை இறக்கிக் கொடுங்கள். விழுந்தால் திட்டாதீர்கள். வீடியோ எடுக்க வேண்டாம், உங்கள் இரண்டு கையும் அவளுக்கு வேண்டும். எப்படி ஓட்டினாள் என்று எழுதுங்கள், போதும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் சுகந்தி