அப்பா உட்கார்ந்து பார்த்த பெட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதலில் உன் சுகத்தைக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் கதைக்கு வரவேண்டும், நன்றாக இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தனியாக இருக்கும் வீட்டில் கதவைச் சரியாகப் பூட்டிவிட்டுத்தானே படுக்கிறாய். எங்கள் சுகம் பாதிதான் பாப்பா, மீதிப் பாதியைச் சொல்லத்தான் போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், இரண்டு பேரும் விஷயத்துக்கே வராமல் வைத்துவிடுவோம். அப்பா வாசிப்பதை விட்டுவிட்டார். டிரம் செட்டைத் துணி போட்டு மூடி உன் அறையில் வைத்திருக்கிறார். நீ மூன்று மாதமாக அவரிடம் பேசாமல் இருக்கிறாயே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, எனக்கே சமீபத்தில்தான் புரிந்தது. அதனால் அப்பா பேச்சு என்றதும் பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி.

என் தோள் வலி உனக்குத் தெரியாததில்லை. ஊரார் தோளையெல்லாம் பிடித்துச் சரி செய்கிறேன், பெற்றவள் தோளைப் போனில்தான் பார்க்க முடிகிறது என்று நீயே சலித்துக்கொள்வாய். அது மேடையில் பேஸ் கிடார் மாட்டி வந்த வலி இல்லை, நம் பீரோவைத் தூக்கித் தூக்கி வந்தது. பீரோ என்று அந்த ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயர் வைத்ததே நீதானே, சின்ன வயதில் அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடினாய். அடியில் ஒரு சக்கரம் போய் அது ஒரு பக்கமாகவே இழுக்கும், மாடிப்படி என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் காலத்தில் யார் இதைச் சுமக்கிறார்கள் என்று எங்கள் கச்சேரிக் குழுவை நடத்துகிற கீபோர்டுகாரர் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கூட்டத்துக்குச் சத்தத்தைக் கொண்டுபோக அரங்கத்து ஸ்பீக்கர் இருக்கிறது, மேடையில் இருக்கும் பெட்டி நம் காதுக்கு மட்டும்தான், அதற்கு எதற்கு இத்தனை கனம் என்பார். நீயும் உன்னிடம் வைத்தியத்துக்கு வருகிற பேஸ் வாசிப்பவரை விசாரித்துச் சொன்னாய், காந்தம் லேசான ஸ்பீக்கராகப் பார், ஒரு கையால் தூக்க வரவேண்டும், காதுக்கு நேரே சாய்த்து வைக்க வசதி இருக்கவேண்டும், கடையில் தனியாக வாசித்துப் பார்த்து ஏமாறாதே, பக்கத்தில் யாரையாவது டிரம் அடிக்கச் சொல், டிரம் சேர்ந்தால் காணாமல் போகிற பெட்டி வேண்டாம் என்று. எல்லாம் சரியான யோசனைதான். நடந்ததற்கு நீ காரணம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே, உன் பேச்சில் ஒரு பிசகும் இல்லை.

டிரம் அடிக்கத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று அப்பாவையும் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் பெரியது, நடுத்தரம், சின்னது என்று எடுத்து வைத்தார். அப்பா அங்கே கிடந்த டிரம்மில் கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு குச்சியை வைத்துவிட்டு எழுந்து வந்து பெரிய பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னை வாசிக்கச் சொன்னார். அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல், சார் நாற்காலி வாங்க வந்தாரா என்று என்னிடம் கேட்டார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அப்பா பெரியதைத் தட்டி இதுதான் என்றார், சின்னதைக் காட்டி இதில் ஒன்றுமே இல்லை என்றார். எனக்கு வந்ததே கோபம். என் காதுக்கு அது மணி மாதிரிக் கேட்கிறது, ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம் போல இருக்கிறது, இவர் மறுபடியும் ஒரு பீரோவைக் காட்டுகிறார். உங்கள் டிரம்மைப் பிரித்துத் துண்டு துண்டாகத் தூக்கலாம், என் பெட்டியைப் பிரிக்க முடியுமா, என் தோளைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. உன் தோளுக்கு எது நல்லதோ அதை எடு என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் சின்னதை எடுத்துக்கொண்டு பழைய பீரோவைக் கடைக்காரரிடமே மாற்றுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் வீட்டுக்கு வந்தாவது மனசைத் திறந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது, தோன்றி என்ன பிரயோசனம்.

புதுப் பெட்டிக்கு டப்பா என்று பெயர் வைத்தோம். அதை முதன்முதலாக ஒரு கம்பெனி விழாவுக்குக் கொண்டுபோனேன். மேடை முழுக்கக் கம்பளம். பீரோ இருந்த காலத்தில் அது அப்பாவின் ஸ்டூலை ஒட்டித்தான் நிற்கும், அது வழக்கம், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இந்த டப்பாவை நான் ஒரு நாற்காலி மேல் வைத்தேன், காதுக்கு நேராக வரட்டும் என்று. அப்பா வந்து அதைக் கீழே தன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். காலடியில் வைத்தால் எனக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டேன், திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவான பாட்டு ஒன்று வந்தது, விளக்கைக் குறைத்துவிட்டார்கள். அந்தப் பாட்டில் எல்லோரும் நிறுத்திவிடுவோம், பாடகி மட்டும் தனியாக ஒரு வரி பாடுவார், எத்தனையோ தடவை வாசித்த பாட்டு. நாங்கள் நிறுத்தினோம். அப்பா நிறுத்தவில்லை. பாடகி வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார், கீபோர்டுகாரர் திரும்பிப் பார்த்தார், டிரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. கூட்டம் அதை அவருடைய தனி வாசிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. கை தட்டுவதைப் பார்த்ததும் அப்பா சிரித்தார் பாப்பா, பாட்டுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று. அப்புறம்தான் எங்கள் எல்லோருடைய கையும் சும்மா இருப்பதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. மிச்சப் பாட்டையெல்லாம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பக்கமே திரும்பி நின்று வாசித்து ஒப்பேற்றினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்த அப்பா தானாகவே சொன்னார். "நீ வாசிக்கிறது எனக்கு ஸ்டூல் வழியாத்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. காதுல வந்து ரொம்ப நாளாச்சு." பீரோவின் அதிர்வு மேடைப் பலகையில் இறங்கி ஸ்டூலில் ஏறி அவர் உடம்புக்குப் போயிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் தாளம் தவறாமல் வாசித்திருக்கிறார், பாடுகிறவர் குரலெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். கடையில் ஏன் உட்கார்ந்து பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரமே காதைச் சோதிக்கக் கூட்டிப்போனேன். சோதித்த பெண்மணி, டிரம் செட்டில் இருக்கிற பித்தளைத் தட்டுகளின் சத்தத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாசித்தால் இப்படித்தான் ஆகும், போனது திரும்பாது என்றார். வீட்டில் உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார், இவர் உங்கள் வாயைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்ச காலமாகவே நான் பேசும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார், சாப்பிட உட்கார்ந்தால் எதிரில்தான் உட்காருவார். இந்த வயதில் என்ன புது ஆசை என்று கேலி செய்திருக்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன்.

மறுநாளே கடைக்கு ஓடினேன், பீரோவைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அதைப் பிரித்து ஸ்பீக்கரை யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரம் வாசிப்பவர்கள் ஸ்டூலுக்கு அடியில் திருகிக்கொள்கிற சின்ன அதிர்வுப் பொருள் ஒன்று உண்டாம், பேஸ் கிடாரின் இணைப்பு வயரை அதில் கொடுத்தால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் தெரியுமாம், அன்றைக்கு நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே தட்டில் இருந்திருக்கிறது. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். அதை வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன். அப்பா கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார், வேண்டாம் என்று வைத்துவிட்டார். பாடுகிறவர் எப்போது நிறுத்துவார் என்று தெரியாமல் இனிமேல் மேடையில் உட்காரப் பயமாக இருக்கிறதாம். கீபோர்டுகாரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார், நல்ல பையன், சரியாகத்தான் வாசிக்கிறான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் தோள் வலியும் விட்டுவிட்டது. வலியே இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவை டப்பாவைத் தூக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். நீயும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டீர்கள் என்று அப்பாவிடம் நீயே போனில் சொன்ன அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டார் என்று என்னிடம் அழுதாய். மாப்பிள்ளையை ஆரம்பத்திலிருந்தே அவருக்குப் பிடிக்காது என்பதால் நானும் நம்பிவிட்டேன். இந்தப் பேச்சை அப்பாவிடம் எடுக்கவே கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினாய், நானும் கோபத்தில் எடுக்கவில்லை. காதுச் சோதனை முடிந்து பேருந்தில் திரும்பி வரும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ எப்போதும் நடந்துகொண்டே பேசுகிறவள், முகமும் தெரியாது, ரோட்டுச் சத்தம் வேறு. நீ பேசுவது எதுவுமே அவர் காதில் விழுந்ததில்லை. குரல் ஏறி இறங்குவதை வைத்து ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவார், உனக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்று. என்னை மன்னித்துக்கொள், உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவரை வெளிச்சத்தில் எதிரில் உட்காரவைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவருக்கு அதுதான் முதல் செய்தி பாப்பா. பிறகு, "அப்ப நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். பேச்சை மாற்றப் பார்த்தேன், என் வாயைப் பார்த்தபடி திரும்பக் கேட்டார். 'ரொம்ப நல்லதும்மா, நிம்மதியா இரு' என்று சொன்னீர்கள் என்றேன். அவ அழுதாளா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

காதைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள மாட்டேன், நானே அவளிடம் பேசுகிறேன் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். புதிதாகக் காதில் மாட்டியிருக்கும் கருவி நேரில் பேசுவதற்குக் கொஞ்சம் உதவுகிறது, போனில் வெறும் இரைச்சல்தானாம். அதனால் நடந்துகொண்டே எடுக்காதே, ஓர் இடத்தில் உட்கார்ந்து எடு. நான் போனை மேஜையில் வைத்து அவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன், நீ சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வேன், அவர் என் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். திட்டவேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டு, ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்கிறேன். நீ ஒன்றுமே பேசாவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துவிட்டாள் என்று மட்டும் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வீட்டில் தனியாக இருக்கிறோமே என்று உள்ளே வைத்துக் குமையாதே. உனக்கு எந்தக் குறையும் வராமல் நன்றாக இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா