அடிக்காமல் நிற்கும் மர ஆணி

ஸ்வால்ம் ஆற்றங்கரை,
மே, 1855

அன்புள்ள என் யோஸ்டுக்கு, கெர்ட்ரூட் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் நலம். பால்டிமோரில் நீங்களும் நலமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இரண்டு ஈஸ்டர் போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம்தான்.

தொழுவத்துப் பக்கம் சுவரைத் தாங்கும் அடிமரம் உளுத்து, மூலைத்தூண் மண்ணில் இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த முப்பதாண்டுச் சண்டை ஓய்ந்த கையோடு உங்கள் முன்னோர் எழுப்பிய வீடு, என் காலத்தில் சரிய விடுவேனா? தச்சர் ஃபெல்ட்டனை அழைத்தேன். சுவர் மண்ணையும் பின்னிய குச்சிகளையும் உதிர்த்தபோது, ஒவ்வொரு மரத்திலும் அந்தக் காலத்துத் தச்சன் வெட்டிய எண் அப்படியே இருந்தது. "எந்த மரம் எங்க சேரணும்னு வெட்டி வச்சிட்டுப் போயிருக்கான். உன் புருஷன் நெத்தியிலயும் ஒண்ணு வெட்டி அனுப்பியிருக்கணும், கெர்ட்ரூட்" என்று கேலி செய்தார். ஊரே கூடி வீட்டை நெம்பித் தூக்க, பச்சை ஓக்கில் புது அடிமரம் நுழைத்தோம்.

கடைசி மர ஆணியில்தான் வந்தது வினை. அதை வீட்டுக்காரன் அடிக்க வேண்டும். அவன் வெளியூரிலிருந்து சொல்லி அனுப்பினால் தம்பி அடிக்கலாம். பெண் என்றால், கணவனை இழந்தவள் மட்டுமே தன் கையால் அடிப்பாள். உங்களுக்குத் தெரியாததா? ஃபெல்ட்டன் கொட்டாப்புளிச் சுத்தியலை யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல் நின்றார். உங்கள் தம்பி ஹென்ரிஷ், "இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி? நீங்களே அடிச்சிடுங்க. ஊர் ஒண்ணும் சொல்லாது" என்றான். கெட்ட எண்ணமில்லை, சொல்லும்போதே அழுதுவிட்டான். ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். "தொப்பியை மாட்டுங்கய்யா! இங்க யாரும் சாகல!" என்று கத்திவிட்டேன்.

ஆணி துளையில் செருகியபடி அடிக்காமல் நிற்கிறது. பச்சை மரம் காய்ந்தால் துளை கோணிவிடுமாம். நவம்பரில் வரும் மார்ட்டின் திருநாளுக்குமேல் தாங்காது என்கிறார் ஃபெல்ட்டன். அன்றைக்கு ஆணியை அடித்து முடிக்க மறுபடி எல்லோரும் வருவார்கள்.

வர முடிந்தால் வாருங்கள். அங்கே வேறொருத்தியோடு அடுப்பு மூட்டியிருந்தாலும் நான் கேட்க மாட்டேன். "ஹென்ரிஷ் அடிக்கட்டும்" என்று உங்கள் கையால் ஒரு வரி போடுங்கள், போதும். என்னை அடிக்க வைத்துவிடாதீர்கள். நீங்கள் எங்கிருந்தாலும் ஆண்டவர் உங்களை உயிரோடு வைத்திருக்கட்டும்.

உங்கள் மனைவி,
கெர்ட்ரூட்