அண்ணன் மாதிரி

எடின்பரோ
4.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் கவிஷாவும் நலமா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுது முடிப்பதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மரபணு ஆய்வுக்கு வந்த நிதியை நிறுத்திவிட்டார்கள். அது ஏழை நாடுகளின் நோய்களுக்கு மட்டுமாம். மலேசியா ஏழை நாடு என்ற கோட்டைத் தாண்டிவிட்டதாம். அப்பாவையும் அண்ணனையும் போலத் தூக்கத்திலேயே இதயம் நின்றுபோகும் நம் குடும்பங்களைப் பற்றி எவ்வளவோ எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது.

அண்ணன் இருந்தபோது நம் கூலாய் கோயில் மண்டபத்தில் எடுத்த இரத்தத்தை நாங்கள் இன்னும் ஆராயவே இல்லை. ஆனாலும் கவலைப்படாதீர்கள். அண்ணன் மாதிரி இங்கே குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள்
ரூபினி


கூலாய்
22.3.2024

அன்பு ரூபினிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உன் கடிதத்தைக் கவிஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியில் நிறுத்திவிட்டாள். "அப்பா மாதிரி யாரும்மா அங்க இருக்காங்க? பெட்டிக்குள்ள குளிராதா?" என்று கேட்டு, அவர் வேலைக்குப் போட்டுப்போகும் ஜாக்கெட்டை மடித்துக் கொண்டுவந்தாள், அத்தைக்கு அனுப்பச் சொல்லி. மாதிரி என்றால் கொஞ்சம் இரத்தம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் அதன்பிறகு மனசு ஆறவில்லை.

கருமாதி முடித்து, சாம்பலைக் கடலில் கரைத்து, ஒன்றும் மிச்சமில்லை என்று இருந்தேன். இப்போது புரிகிறது. அவர் சிஃப்ட் முடிந்து வரும் ஏழு மணிக்குக் கேட் சத்தம் கேட்கிறது. கவிஷாவும் நிமிர்ந்து பார்க்கிறாள். பக்கத்து வீட்டு ஜெயபாலன் அங்கிள் கீலுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லலா, காத்துதான்" என்றார். காற்றுக்கு மணி பார்க்கத் தெரியுமா? ரூபினி, உன் அண்ணன் இன்னும் போகவில்லை.

நாம் பணக்காரர்களான செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் இந்த ஓவர்டைமையாவது விட்டிருப்பேன்.

பள்ளி ஓட்டப்பந்தயத்திலிருந்து கவிஷா பேரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளை ஓடாதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். இல்லையென்றால், ஓடு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்த இரத்தத்தை ஆராய்ந்து சொல். முடியாதென்றால் திருப்பி அனுப்பு, கரைத்துவிடுகிறேன்.

அண்ணி
லோஷினி


எடின்பரோ
15.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வேறொரு ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியைச் சேர்த்து ஆராய இடம் மிச்சமிருக்கிறது. கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஆனால் அண்ணன் கொடுத்தது கொஞ்சம்தான். "கொசுவுக்குக் குடுக்கிறத தங்கச்சிக்குக் குடுத்தா என்ன" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். ஒருமுறை பார்த்தால் முழுதும் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவருடையது என்று இங்கே எதுவும் இருக்காது.

நீங்கள் சொல்லாமல் செய்ய மாட்டேன்.

ரூபினி


கூலாய்
3.5.2024

ரூபினி,

செய். சம்மதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். அங்கே சூடம் ஏற்ற விடமாட்டார்கள் என்று தெரியும். தொடங்கும் முன் அவர் பேரையாவது ஒருமுறை சொல்லிவிடு.

அண்ணி


எடின்பரோ
28.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஹேமநாதன் என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

கிடைத்துவிட்டது. இதயத் தசையை உண்டாக்கும் மரபணுவில் ஒரு பிழை. இனிக் கவிஷாவுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். இதனுடன் இருக்கும் அறிக்கையை ஜோகூர் பாருவில் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அவளுக்கு அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. வந்திருந்தால் மருந்து உண்டு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வழி உண்டு. வரவில்லை என்றால் அவளை ஓட விடுங்கள் அண்ணி. மூச்சு வாங்க ஓடட்டும்.

அண்ணனின் குழாய் காலியாகிவிட்டது. இங்கே இவற்றை எரிப்பதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. வேறு யார் கையிலும் கொடுக்காமல் நானே போட்டேன். இனி உங்கள் கேட் சத்தம் போடாது என்று நினைக்கிறேன்.

இங்கேதான் ஏழு மணியானால் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிழையைச் சரிபார்க்க நம் குடும்பத்து இரத்தம் இன்னொன்று தேவைப்பட்டது. என்னுடையதைக் கொடுத்தேன். அதன் முடிவும் வந்துவிட்டது.

அண்ணி, நானும் அண்ணன் மாதிரிதான்.

ரூபினி