சக்கரத்துக்குச் சொன்ன பெட்டி

சேசு மரி சூசை துணை

கணியம்பாடி
6 மார்ச்சு 1944

எங்கள் அன்பு மகன் அமலநாதனுக்கு அப்பன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மா மதலேனாளும் சுகம். நாக்பூரில் நீயும் உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்று உன் கைப்பட உடனே எழுது, ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பது கீழே படித்தால் விளங்கும்.

டாக்ஸிக்கு டயர் தேய்ந்து போச்சு, யுத்தத்தில் புதுசு கிடைக்கவில்லை, பாஸ்காப் பண்டிகைக்குள் வண்டி ஓடாவிட்டால் சேட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான் என்று எழுதியிருந்தாயே, மரக் கண்ட்ராக்டர் துரைக்கண்ணுவின் கார் பெட்ரோல் இல்லாமல் கோழி அடைகிற கூண்டாகக் கிடந்தது, அதுவும் உன் வண்டி ஜாதிதான், காலில் விழாத குறையாகக் கேட்டு நாலு சக்கரத்தையும் டயரோடு வாங்கிவிட்டேன். ரயிலில் அனுப்பப் பெட்டி வேண்டும் என்றார்கள். வேலூரில் செய்தால் கட்டுப்படியாகாது என்று நம்மூர் சின்னதம்பி ஆசாரியிடம் போய், நாக்பூர்ல இருக்கிற என் மவனுக்கு ஒரு பெட்டி வேணும் என்றேன். நீளம் கேட்டான். இரண்டிரண்டாக அடுக்கினால் ஐந்தரை அடி, அதையே சொன்னேன். உன் உயரமும் அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டான், கூலியைக் குறைப்பேன் என்று இப்பவே அழுகிறான் என்று நினைத்தேன். கூலியே வாணாங்க என்றான். ஆசாரி கூலி வேண்டாம் என்றால் அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நம் சனங்களுக்குப் பெட்டி என்றால் சவப்பெட்டி ஒன்றுதானே.

மறுநாள் கொல்லையில் இருக்கும்போது கோவிலில் துக்க மணி அடித்தது. ஓடிவந்து பார்த்தால் வூட்டு வாசலில் ஊரே கூடியிருக்கிறது, உன் அம்மா மண்ணில் புரளுகிறாள், உன் பேரைச் சொல்லித்தான் அழுகிறார்கள். நான் கொல்லைக்குப் போன நேரத்தில் தந்தி வந்துவிட்டது போல என்று நானும் விழுந்து அழுதேன். சக்கரத்துக்குப் பெட்டி சொன்னவனே நான், எனக்கே தெரியவில்லை பார். கொஞ்ச நேரம் போய் ஆசாரி ஆட்களோடு பெட்டியைத் தூக்கி வந்து, ஒடம்பு எப்போ வருதுங்க என்று கேட்டான். எந்த ஒடம்புடா, சக்கரத்துக்குடா பெட்டி என்றேன், சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆனால் தோளில் எடுத்து வந்த பெட்டியை வெறுமனே திருப்பக் கூடாது, இன்னொரு சாவு வரும் என்று பக்கத்து வூட்டு மாணிக்கம்மாள் பிடிவாதமாக நின்றுவிட்டாள். சரியென்று சக்கரத்தை வைத்து வைக்கோல் திணித்தோம், மிச்ச இடுக்கில் உன் அம்மா புளியும் சாமையும் அடைத்தாள். கோவில் உபதேசியார் சிலுவை பிடித்து முன்னே நடக்க, சபைப் பிள்ளைகள் ரயிலடி வரைக்கும் சும்மாவே சுமந்தார்கள். அங்கிருந்த ரயில் பாபு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், மூடியைத் திறந்து காட்டியதும் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ரயில் கட்டணம் ஒன்றுதான் செலவு.

மேலே சிலுவையும் உன் பேரும் செதுக்கியிருக்கும், பார்த்துப் பயப்படாதே. டயரை வெயிலில் போடாதே.

சக்கரம் பாஸ்காவுக்குள் வந்து சேராவிட்டால் சேட்டிடம் கெஞ்சாதே. உன் வேலை போய்விடுமே என்றுதான் இத்தனை அலைந்தேன். ஆனால் வாசலில் விழுந்து அழுதபோது உன் வேலை எனக்கு நினைவுக்கே வரவில்லையடா. வேலை போனால் போகட்டும், நீ வூட்டுக்கு வந்துவிடு.

தேவதாய் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு
உன் அப்பன்
சந்தியாகப்பன்