இரண்டு மீட்டர் அன்பு

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று முதல் எங்கள் அன்பின் நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். அதற்கு மேல் அணியை நேசிப்பவர்கள் பேனரோடு வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். சுற்றறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தவர் வேறு யாருமில்லை, கீழ் வீட்டு அத்தான்தான். அக்காவின் கணவர், கால்பந்து மைதானத்தின் வாயில் காவலுக்குத் தலைமை அதிகாரி. மாடியில் குடியிருக்கும் நானோ பதினெட்டு வருடமாக வடக்கு கேலரியில் தொண்டை கிழியக் கத்துகிறவள். ஒரே கூரைக்குக் கீழே சட்டமும் குற்றமும்.

"புது மேலாளர் வந்திருக்காரும்மா. எல்லாம் ஒழுங்கா இருக்கணுங்கறார்" என்றார்.

பேனருக்குப் பத்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். துணி, நிறம், வாசகம், வாசகத்தின் நோக்கம். நோக்கத்துக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். தாராள மனசு.

பிப்ரவரி 10, சனி

பழைய பேனர் போய்விட்டது. பதினொரு மீட்டர். நான் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் மிச்சம் விழும் துணியைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்தது. 'எங்கள் வீடு இதுதான்' என்று எழுதியிருக்கும். வாயிலில் அளந்தார்கள், மடித்தார்கள், சீட்டு கொடுத்தார்கள். காரணம்: 'இடத்தின் மீது உரிமை கோரும் வாசகம்.' நாளைக்கே பத்திரம் எழுதிக் கேட்டுவிடுவோம் என்று பயம் போல.

விசில் அண்ணனின் விசிலையும் பிடுங்கிக்கொண்டார்கள். வாரம் முழுக்க வீடு வீடாகத் தண்ணீர் கேன் தூக்குகிற மனுஷன், ஒரு நாள்தான் ஊதுவார். "இனிமே நான் வெறும் அண்ணன்தான்" என்று கையை விரித்தார்.

ஆட்டம் டிரா. அதற்கு விண்ணப்பம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மதியச் சாப்பாடு கீழே.

"அத்தான், எங்க பேனர் எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

"சாப்பிடற நேரத்துல மைதானம் வேண்டாம்" என்றாள் அக்கா. இருபது வருடம் மைதானக்காரரோடு குடித்தனம் நடத்தியும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவள்.

எய்தவன் இருக்க அம்பை ஏன் நோகிறாய் என்கிறார் அத்தான். நியாயம்தான். ஆனால் இந்த அம்புக்கு மாதச் சம்பளம், தொப்பி, வாக்கி-டாக்கி எல்லாம் உண்டு.

பிப்ரவரி 22, வியாழன்

புது பேனருக்கு நாங்கள் கேட்ட 'வெற்றி நமதே' நிராகரிக்கப்பட்டது. எதிரணியின் மனம் புண்படலாமாம். விசில் அண்ணன் ஆத்திரத்தில் வெறும் வெள்ளைத் துணிக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அதுவும் நிராகரிப்பு: 'உள்நோக்கம் தெளிவாக இல்லை.'

பிப்ரவரி 24, சனி

இடைவேளையில் ஒலிபெருக்கி தேன் குழைத்துப் பேசியது. வடக்கு கேலரி ஏப்ரல் முதல் 'சிறப்பு விருந்தினர் மாடம்' ஆகிறது. நாங்கள் ஸ்கோர் போர்டுக்குப் பின்னால் இருக்கும் மூலைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பாதி மைதானம் தெரியும். மீதியைக் கற்பனை செய்துகொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையில் ஒரு துண்டு லைனிங் துணியும் கடைச் சுண்ணக்கட்டியும் கிடந்தன. நாற்காலி மேல் ஏறி, 'ஏன்?' என்று எழுதிப் பிடித்தேன். ஒரு சொல், ஒரு குறி. அளந்தால் ஒரு மீட்டர்கூட வராது. மூன்று காவலர்கள் வந்தார்கள். எழுத்துக்கு ஒருவர், குறிக்கு ஒருவர், கணக்குப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆறு மாதத் தடை. காரணம்: 'முன் அனுமதியின்றிக் கேள்வி எழுப்பியது.' கீழே கையெழுத்து அத்தானுடையது. தபாலில் போட்டிருக்கலாம். படியேறி வந்து கையில் கொடுத்தார்.

"என்னம்மா பண்றது, என் கையெழுத்துலதான் போகணும்."

"நான்னு தெரிஞ்சேதான போட்டீங்க?"

படியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு வாய் அடங்கவில்லை. பதினெட்டு வருஷம் — ஒரு கல்லு எறிஞ்சிருப்பேனா? ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேனா? (சரி, நடுவரைச் சொன்னது கணக்கில் வராது.) அம்மா போனப்புறம் எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அதையும் பிடுங்கியாச்சு. யாரு? வீட்டு ஆளு!

கதவைச் சாத்தினேன். பிறகு திறந்து இன்னொரு தடவை சாத்தினேன். முதல் தடவை சத்தம் போதவில்லை.

மார்ச் 1, வெள்ளி

அக்கா படியேறவில்லை. நான் இறங்கவில்லை. இப்போதைக்கு இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர் மோட்டார் மட்டும்தான்.

மார்ச் 4, திங்கள்

விசில் அண்ணன் திரைச்சீலை பார்க்க வந்ததுபோல் கடைக்கு வந்தார். வீட்டில் ஜன்னலே ஒன்றுதான், அதற்கு அரை மணி நேரம் துணி பார்த்தார்.

திட்டம் இதுதான். ஆறு சால்வை. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஓர் எழுத்து. போ, க, மா, ட், டோ, ம். இருபதாவது நிமிடம் ஆறு பேரும் எழுந்து சால்வையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சால்வைக்கு இன்னும் அளவு விதி வரவில்லை.

மதிய இடைவேளையில் தைக்கிறேன். விசில் அண்ணன், அவர் மனைவி, பல் டாக்டர், பின் வரிசை இரட்டைச் சகோதரிகள் — ஐந்து பேர் ஆயிற்று. மூன்றாவது எழுத்து எனக்கு வர வேண்டியது, நான்தான் தடை செய்யப்பட்ட ஆபத்தான பிறவியாயிற்றே. 'மா' இல்லாவிட்டால் என்ன வரும்? 'போகட்டோம்.' எங்களுக்கே புரியாது.

மார்ச் 8, வெள்ளி

அக்கா வந்தாள். கறுப்பு நூல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவள், கட்டில் மேல் கிடந்த சால்வையைப் பார்த்தாள்.

"இது என்னடி, 'மா'?"

பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போய் அத்தானிடம் சொல்லட்டும், இன்னொரு கடிதம் வரட்டும், சுவரில் மாட்ட இடம் இருக்கிறது.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் சால்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கடிதாசியை அவர் வீட்டுல வெச்சுத்தான் கையெழுத்துப் போட்டார். பேனா எங்கன்னு கேட்டார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்ன ஏதுன்னு கேக்கல. நீ கேட்டேல்ல, 'ஏன்'னு? நான் கேட்டிருக்கணும்."

"விடுக்கா."

"இதை யார் போட்டுக்கறது?"

"ஆள் இல்லை."

எழுந்து கண்ணாடி முன்னால் நின்றாள். சால்வையைப் போர்த்திக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் பிடிச்சிட்டு நிக்கணும்?"

மார்ச் 9, சனி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மைதானத்துக்கு எதிரே மின்சாதனக் கடை. டிவி வாங்க வந்தவள்போல் நின்றேன். விற்பனையாளர் மூன்று மாடல்களின் அருமை பெருமைகளைச் சொன்னார். எல்லாவற்றிலும் ஆட்டம் ஓடியது, எனக்கு அது போதும்.

இருபதாவது நிமிடம். கேமரா வடக்கு கேலரிப் பக்கம் திரும்பியது. போ. க. மா. ட். டோ. ம். ஆறும் வந்தன! 'மா' மட்டும் தலைகீழாக. அதன் பின்னால், சால்வைக்கு மேலே கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு என் அக்கா. கேலரி முழுக்க அதையே கத்தத் தொடங்கியது. கடை வாசலுக்கே கேட்டது. கேமரா பதறிப்போய் வானத்தைக் காட்டியது. வானம் அனுமதி பெற்றது.

நான் அந்தக் கடையில் அழுதேன். விற்பனையாளர் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

சாயங்காலம் அக்கா சொன்னது: வாயிலில் நின்றது அத்தான்தான். மற்ற ஐந்து பேரை வேறு வரிசையில் விட்டுவிட்டார்கள், இவள் மட்டும் நேரே அவர் முன்னால். அவர் அவளைப் பார்த்தார். டிக்கெட்டைப் பார்த்தார். சால்வை ஓரம் லேசாக மடிந்து எழுத்தின் வால் வெளியே தெரிந்தது.

"அப்புறம்?"

"ஓரம் மடிஞ்சிருக்கு பாரு, சரி பண்ணிக்கோன்னார். அவரே இழுத்து விட்டார். போன்னுட்டார்."

மார்ச் 13, புதன்

மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு, டிவியில் வந்த படத்தைக் காட்டி, "இது யார்?" என்று கேட்டிருக்கிறார். அத்தான், "என் மனைவி" என்று சொல்லியிருக்கிறார். தொப்பியும் வாக்கி-டாக்கியும் போயின. இனி கார் நிறுத்துமிடத்தில் காவல்.

பதினைந்து நாளுக்குப் பிறகு கீழே இறங்கிப் போனேன். அத்தானுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க பெரிய மரம் ஒண்ணு இருக்கும்மா. நல்ல நிழல்" என்றார் அவர்.

மார்ச் 20, புதன்

புதுச் சுற்றறிக்கை. படம் ஊரெல்லாம் பரவியதில் மேலிடத்துக்கு ஞானோதயம். வடக்கு கேலரி மாற்றம் கைவிடப்பட்டது, 'ரசிகர்களின் உணர்வுகளை நிர்வாகம் எப்போதும் மதித்து வந்திருப்பதால்.' எப்போதும்! பேனர் நீளம் இரண்டு மீட்டரிலிருந்து மூன்றாக உயர்கிறது. ஒரு மீட்டர் புரட்சி. என் தடையைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தானைப் பற்றியும் இல்லை.

மார்ச் 23, சனி

தடை உத்தரவை இன்று பொறுமையாகப் படித்தேன். 'வாயில்களுக்கு உட்பட்ட பகுதி' என்றுதான் போட்டிருக்கிறது. கார் நிறுத்துமிடம் வாயிலுக்கு வெளியே.

அக்கா இன்றும் உள்ளே போனாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே போனாள். இரட்டைச் சகோதரிகள் இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம்.

அத்தானின் காவல் கூண்டில் இரண்டு ஸ்டூல். மரத்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. கார்கள் எல்லாம் வந்து நின்றபின் அவருக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடம் வாயிலில் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றவர், இப்போதுதான் கேட்கிறார் போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று ஒரு பெரிய 'ஓ.' பாதியில் அறுந்தது.

"கோலாம்மா?"

"இல்ல அத்தான். கம்பத்துல பட்டுத் திரும்பிடுச்சு."

"எப்படித் தெரியும்?"

"கோலுன்னா சத்தம் நிக்காது. கொஞ்சம் இருங்க, வரும்."

ஸ்டூலை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.